அடுப்படிக்கு வந்த பள்ளிக்கூடம்

கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவிலிருந்து வடகிழக்கே ஆண்டீஸ் மலைப்பாதையில் மாச்செத்தா, குவாத்தெக்கே ஊர்களைத் தாண்டிப் போனால் சுத்தாதென்சா வரும். சில ஆயிரம் பேர் வாழும் விவசாய ஊர். நடுவே ஒரு சதுக்கம், ஒரு சர்ச், சுற்றிலும் ஓட்டு வீடுகள், சரிவுகளில் துண்டு துண்டாக நிலங்கள். தென்சா பள்ளத்தாக்கின் எந்த ஊரிலும் இதெல்லாம் உண்டு. இங்கே மட்டும் ஊரின் அளவுக்குப் பொருந்தாத பெரிய கட்டடங்கள் நிற்கின்றன. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் விவசாயக் குடும்பத்து இளைஞர்களும் பெண்களும் வந்து தங்கிப் பயிற்சி பெற்ற இடங்கள் அவை. அவர்களை இந்த மலைக்கு வரவழைத்தது ஒரு ரேடியோ.

1947 ஆகஸ்டில் ஹோசே ஹோவாக்கின் சல்செதோ என்ற இளம் பாதிரியார் துணைப் பங்குத்தந்தையாக இங்கே வந்து சேர்ந்தார். மலைச்சரிவுகளில் சிதறிக் கிடந்த குடியானவர்களில் பெரும்பாலோருக்கு அப்போது எழுதப் படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு இறங்கி வருவார்கள். முடிந்ததும் சிச்சா என்கிற சோளக் கள்ளைக் குடித்துவிட்டு மலையேறுவார்கள். சல்செதோ முதலில் சினிமா புரொஜெக்டரைக் கொண்டுவந்தார். கொட்டகை கட்டப் பணம் வேண்டும் என்றபோது ஊரார் கோழிகளைக் கொடுத்தார்கள். அவை பொகோட்டாவில் விலைபோய்ப் பணமாகத் திரும்பின. பிறகு, துறவியாக இருந்த தம் சகோதரரின் உதவியோடு, கையால் கட்டிய ஒரு சிறு டிரான்ஸ்மிட்டரை நிறுவினார். சக்தி சுமார் 90 வாட். அக்டோபரில் ஒலிபரப்பு தொடங்கியபோது அதில் முதலில் கேட்டது பிரசங்கமும் இல்லை, பாடமும் இல்லை. அந்த ஊர்க் குடியானவர்களே வாசித்த இசை. அந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. கற்றுக்கொடுக்கும் முன்பு அவர்களைக் கேட்டிருக்கிறார்.

ரேடியோ கொலம்பியாவுக்குப் புதிதல்ல. ரேடியோவுக்குப் பக்கத்தில் ஓர் ஆளை உட்காரவைத்ததுதான் சுத்தாதென்சாவின் புதுமை. நம் ஊர்ப் பஞ்சாயத்து ரேடியோ ஒலிபெருக்கியில் பொதுவாகப் பேசும். நின்றவர் கேட்பார், போகிறவர் போவார். இங்கே அப்படியில்லை. வேலை முடிந்த நேரத்தில் குடும்பமும் அண்டை வீட்டாருமாகச் சிலர் ஒரு வீட்டில் கூடுவார்கள். மேசைமேல் பேட்டரி ரேடியோ, எதிரே கரும்பலகை, கையில் பாடநூல். ரேடியோக் குரல் ஓர் எழுத்தைச் சொல்லும். ஓரளவு படிக்கத் தெரிந்த உதவியாளர் அதைப் பலகையில் எழுதிக் காட்டுவார். பலருக்கு அந்த உதவியாளர் சொந்த மகனாகவோ மகளாகவோ இருந்ததுண்டு. உழுது காய்த்த கைகள் சாக்பீஸைப் பிடித்து அதே எழுத்தைப் போட்டுப் பார்க்கும். சம்பளம் வாங்கும் ஆசிரியர் யாரும் அந்த மலையேறி வரவேண்டியிருக்கவில்லை.

எழுத்தோடு நிற்கவில்லை. கணக்கு, உடல்நலம், மண்வளம், மதம் எல்லாவற்றுக்கும் தனித்தனி நூல்கள் வந்தன. தரையில் மூட்டிய அடுப்பை உயர்த்திக் கட்டுங்கள், கழிப்பறை தோண்டுங்கள், கொல்லையில் காய்கறி போடுங்கள், மரம் நடுங்கள் என்று பாடம் வீட்டையே மாற்றச் சொன்னது. செய்தவர்கள் நிலையத்துக்குக் கடிதம் எழுதினார்கள். பதில் வந்தது. எழுதக் கற்றவருக்கு எழுத ஓர் ஆள் வேண்டுமல்லவா? ஆக்போ என்ற சுருக்கப் பெயரால் அறியப்பட்ட இந்த இயக்கம் கையாண்ட கடிதங்கள் 12 லட்சத்துக்கும் மேல். எத்தனை கிலோவாட், எத்தனை மணி நேர ஒலிபரப்பு என்று பலர் பெருமை பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், இந்தக் கடிதங்கள்தான் அந்த வானொலியின் உண்மையான அளவுகோல்.

குறை இல்லாமலும் இல்லை. வீடுகளுக்குக் கொடுத்த பெட்டிகள் ஒரே நிலையத்துக்கு மட்டும் பொருத்தப்பட்டவை. வேறு குரலைத் திருப்பிக் கேட்க முடியாது. கிராமங்களில் கம்யூனிசம் பரவக்கூடாது என்ற கவலையும் திருச்சபையின் ஆதரவுக்குப் பின்னால் இருந்தது. நிலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைவிட நிலத்தை எப்படிப் பண்படுத்துவது என்பதே அதிகம் பேசப்பட்டது. அந்தக் குற்றச்சாட்டை நான் ஒதுக்கமாட்டேன். ஆனால் படிக்கத் தெரிந்துவிட்ட குடியானவர் அடுத்து எதைப் படிப்பார் என்பதை எந்தப் பெட்டியாலும் கட்டிவைக்க முடியாது.

பிறகு வளர்ச்சி அசுர வேகம். பொகோட்டா, காலி, பரங்கில்லா, மெதெயீன் நகரங்களில் நிலையங்கள் எழுந்தன. 1958-ல் 'எல் கம்பெசினோ' வார இதழ் வந்தது. எக்வடோரின் ரியோபம்பாவில் 1962-ல் ஆயர் லியோனிதாஸ் புரொவாஞ்ஞோ தொடங்கிய வானொலிப் பள்ளிகள் உட்பட, லத்தீன் அமெரிக்கா எங்கும் இந்த வழியைப் பின்பற்றினார்கள். சுத்தாதென்சா என்பது ஊரின் பெயர் என்பதைவிட நிலையத்தின் பெயராகவே பலருக்குத் தெரிந்தது.

வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. கடன் ஏறியது. அரசின் கைகொடுப்பு குறைந்தது. பொறுப்புள்ள பெற்றோராக இருங்கள், பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கையை யோசியுங்கள் என்று நிலையம் பேசியதை ஆயர்கள் சிலர் ரசிக்கவில்லை. மலிவான டிரான்சிஸ்டர்களும் தொலைக்காட்சியும் வந்தன. கிராமங்கள் நகரத்துக்கு இடம்பெயர்ந்தன. 1989-ல் நிலையங்கள் கரகோல் என்ற வணிக வானொலி நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. சல்செதோ 1994-ல் காலமானார். எழுதத் தெரியாத ஊரைக் கடிதம் எழுதவைத்த ஓர் அமைப்பு விற்பனைப் பத்திரத்தில் முடிந்துபோனது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

இன்று அந்தக் கடிதங்களும் ஒலிப்பதிவுகளும் பாடநூல்களும் பொகோட்டாவில் லூயிஸ் ஆங்கெல் அராங்கோ நூலகத்தில் உள்ளன. ஊரைப் பார்க்கப் போகிறவர்கள் திரும்பும் வழியில் அங்கேயும் போகவேண்டும். பாதிச் சுத்தாதென்சா அங்கேதான் இருக்கிறது.

ஆனால் ஊர் வெறும் நினைவிடமாகிவிடவில்லை. ஆக்போ 2012-ல் 'விவசாயிகளின் டிஜிட்டல் பள்ளிகள்' என்ற பெயரில் மறுபடி பாடம் தொடங்கியது. பேட்டரி ரேடியோ இருந்த இடத்தில் கம்ப்யூட்டர். அன்று அகரவரிசை, இன்று மின்னஞ்சல் அனுப்புவது, சிறுதொழில், தலைமைப் பண்பு, பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்வது. வழிகாட்ட ஓர் ஆள் கூட இருக்கவேண்டும் என்ற பழைய ஏற்பாட்டைக் கைவிடவில்லை என்பதில் எனக்கு நிறைவு. பாடங்களில் கிராமப் பத்திரிகைப் பணியும் ஒன்று. 'எல் கம்பெசினோ'வும் இப்போது இணையத்தில் வருகிறது. பாட்டி நிலையத்துக்குக் கடிதம் எழுதினாள் என்றால், பேத்தி தன் ஊர்ச் செய்தியைத் தானே எழுதி வெளியிடப் பழகுகிறாள்.