அணைந்த விளக்கு

'சினிக்கல்' என்னும் ஆங்கிலச் சொல்லை இன்று நாம் பல இடங்களில் கேட்கிறோம். கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகளே, "அப்பா எதையும் சினிக்கலாகத்தான் பார்ப்பார்" என்று குறைப்பட்டுக்கொள்வதுண்டு. இச்சொல்லின் பொருள்தான் என்ன?

இதன் வேர் கிரேக்க மொழியில் உள்ளது. 'கினிகோஸ்' என்றால் 'நாயைப் போன்ற' என்பது பொருள். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க ஞானியர் சிலர், வீட்டையும் செல்வத்தையும் துறந்து, தெருவிலேயே உண்டு உறங்கினர். அதனால் இப்பெயர் பெற்றனர் என்பர். அவர்களுள் புகழ்மிக்கவர் சினோப்பே நகரத்து டயோஜனிஸ். ஏதென்ஸ் நகரில் ஒரு பெரிய தாழியே அவருக்கு இல்லமாயிற்று. பட்டப்பகலில் விளக்கேந்தி, மனிதனைத் தேடுவதாகக் கூறித் திரிந்தாராம். ஒரு சிறுவன் கைகளால் நீரள்ளிப் பருகக் கண்டு, எளிமையில் தம்மை ஒரு குழந்தை வென்றுவிட்டதாகச் சொல்லித் தம் குவளையை வீசியெறிந்தாராம்.

உலகத்தை அவர் கடுமையாகச் சாடினார். ஆயினும் நல்லதைத் தேடுவதை விட்டாரில்லை. கண்டபோது அதற்குத் தலைவணங்கினார். காலப்போக்கில் அவருடைய கூட்டத்தின் பெயர் மட்டும் எஞ்சியது, பொருள் மாறிற்று. மனிதர் செய்யும் எல்லாவற்றிற்கும் அடியில் தன்னலமே உண்டு என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிடும் மனப்பான்மையையே இன்று இச்சொல் குறிக்கிறது.

இதனை விழிப்புடன் குழப்பிக்கொள்ளலாகாது. ஊர்ப் பள்ளிக்கு ஒருவர் நன்கொடை திரட்டுகிறார் என்று கொள்வோம். வரவு செலவுக் கணக்கைக் கேட்பது விழிப்பு. கணக்கைப் பாராமலே, "அடுத்த தேர்தலுக்கு அடிபோடுகிறார்" என்று நகைப்பது சினிக்கல். முன்னது உண்மையை அறிய விரும்புகிறது. பின்னதோ அறிய வேண்டிய தேவையே இல்லையென்று கதவை அடைத்துவிடுகிறது.

இக்கதவு நம் இல்லங்களிலும் அடைபடுகிறது. பரிவு மிகுந்த தன் ஆசிரியையைப் பற்றி மகள் மகிழ்ந்து பேசுகிறாள். "எல்லாம் நல்ல பெயர் வாங்கத்தான்" என்கிறோம் நாம். நமக்கு அது ஒரு வேடிக்கைப் பேச்சு. குழந்தைக்கோ, நன்மையைக் கண்டு வியப்பது பேதைமை என்னும் பாடம். நாளடைவில் அவள் நம்மிடம் எதையும் சொல்லாமல் விட்டுவிடக்கூடும்.

இப்படிப் பேசுவோர் பலர் ஒருகாலத்தில் பிறரை நம்பி ஏமாந்தவர்கள். அந்த வலி மெய்யானது. அதை இகழ்தல் தகாது. ஆனால் நம் காயத்தை நம் பிள்ளைகளுக்குச் சீதனமாகக் கொடுக்க வேண்டுமா? அடுத்த முறை ஒரு நற்செயலைப் பற்றிக் கேள்விப்படும்போது, தீர்ப்புக் கூறுமுன் ஒருகணம் பொறுத்து, "அப்படியா, இன்னும் சொல்" என்போம். டயோஜனிஸின் தாழி நமக்கு வேண்டாம்; அவர் கையிலிருந்த விளக்கை மட்டும் அணையாமல் காப்போம்.