வீட்டில் கட்டும் சிறு விமானத்துக்கு சுழலி எஞ்சின் ஏற்றதா?

புது தில்லி: சொந்த முயற்சியில் இலகுரக விமானம் கட்டுவோர் எஞ்சினைத் தேர்வு செய்யும் கட்டத்தில், அவர்களை அதிகம் ஈர்ப்பவற்றுள் ஒன்று வான்கெல் சுழலி எஞ்சின். சிறிய உருவம், குறைந்த அதிர்வு, எடைக்கு மிஞ்சிய ஆற்றல் ஆகியவை அதன் சிறப்புகள். ஆயினும், மனிதர் ஏறும் விமானத்தில் அதைப் பொருத்துவதற்கு முன், அது இதுவரை எங்கே வெற்றி பெற்றது என்பதைக் கவனிக்க வேண்டியுள்ளது.

ஜெர்மனியைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் வான்கெல் வடிவமைத்த இந்த எஞ்சின் 1957-ஆம் ஆண்டு முதன்முதலாக இயங்கியது. மேலும் கீழும் ஓடும் பிஸ்டனுக்குப் பதிலாக, முக்கோண வடிவச் சுழலி ஒன்று நீள்வட்ட அறைக்குள் சுற்றுகிறது. வால்வுகளோ பிஸ்டன் தண்டுகளோ இல்லை. உடையக்கூடிய பாகங்கள் குறைவு என்பதே விமான ஆர்வலர்களை இதன்பால் இழுக்கிறது. சுழலியின் முனையில் உள்ள அடைப்புப் பட்டை தேய்ந்தால்கூட, பெரும்பாலும் எஞ்சின் திடீரென நின்றுவிடாது. ஆற்றல் குறைந்தபடி ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தியாவிலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. ராணுவத்துக்காக டிஆர்டிஓ உருவாக்கிய 'நிஷாந்த்' ஆளில்லா விமானத்துக்கு 55 குதிரைத்திறன் கொண்ட வான்கெல் எஞ்சினை, பெங்களூரு என்ஏஎல் ஆய்வகமும் டிஆர்டிஓ ஆய்வகங்களும் இணைந்து உள்நாட்டிலேயே தயாரித்தன. சுமார் 30 கிலோ எடையுள்ள அந்த எஞ்சினுடன் நிஷாந்த் 2009 ஏப்ரலில் கர்நாடகத்தின் கோலார் அருகே பறந்தது. ஐரோப்பாவில், ஏறத்தாழ அதே ஆற்றல் கொண்ட ஆஸ்திரியாவின் ஏஇ50ஆர் எஞ்சின், தானே மேலெழும் கிளைடர்களில் பொருத்தப்படுகிறது.

இந்த இரு வெற்றிகளுக்கும் பொதுவான ஓர் அம்சம் உண்டு. நிஷாந்தில் விமானி கிடையாது. பாராசூட் மூலமே அது தரையிறங்கும். கிளைடரோ எஞ்சின் நின்றாலும் நீண்ட தூரம் மிதந்து செல்லவே வடிவமைக்கப்பட்டது. வீட்டில் கட்டப்படும் குட்டை இறக்கை விமானத்துக்கு இவ்விரு பாதுகாப்புகளும் பொதுவாக இருப்பதில்லை.

அடுத்தது வேகம். இவ்வகைச் சிறு எஞ்சின்கள் நிமிடத்துக்கு 7,000 சுற்றுகளுக்கும் மேல் ஓடும்போதுதான் முழு ஆற்றலைத் தருகின்றன. 1.7 மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லரை அந்த வேகத்தில் நேரடியாகச் சுழற்றினால், அதன் முனை ஒலியைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தை எட்டும். ஆகவே வேகம் குறைக்கும் கியர் பெட்டியோ பெல்ட்டோ கட்டாயம். எஞ்சினில் மிச்சமான கிலோக்களில் ஒரு பகுதி இங்கேயே செலவாகிவிடும். கார் எஞ்சினை மாற்றிப் பொருத்துவோருக்குப் பெரும் தலைவலி எஞ்சின் அல்ல, இந்தக் கியர் பெட்டிதான். மாறாக, பலரும் நாடும் ரோடாக்ஸ் 912 பிஸ்டன் எஞ்சினில் கியர் பெட்டி தொழிற்சாலையிலேயே இணைக்கப்பட்டு வருகிறது. என்ஏஎல் உருவாக்கிய ஹன்சா-என்ஜி பயிற்சி விமானத்திலும் இந்த ரோடாக்ஸ் வரிசையே இடம்பெற்றுள்ளது.

தில்லிக்கு வெப்பம் தனிச் சிக்கல். சுழலி எஞ்சின் வெளியேற்றும் புகை பிஸ்டன் எஞ்சினுடையதைவிடச் சூடானது. சைலன்சரை விரைவில் அரித்துவிடும். வெப்பத்தில் கணிசமான பங்கை எண்ணெய் சுமப்பதால், தண்ணீர் ரேடியேட்டருடன் பெரிய எண்ணெய்க் குளிர்விப்பானும் தேவை. எஞ்சினின் குதிரைத்திறன் 15 டிகிரி வெப்பநிலையை அடிப்படையாகக் கொண்டே அறிவிக்கப்படுகிறது. 45 டிகிரியில் காற்றின் அடர்த்தி சுமார் 10 விழுக்காடு குறையும். எஞ்சின் ஆற்றல், இறக்கைத் தூக்குவிசை, குளிர்விப்பு மூன்றும் ஒருசேரக் குறையும். குளிர்காலக் காலையில் சோதித்து மகிழ்ந்தவர், மே மாத நண்பகலில் ஓடுபாதையின் முடிவில்தான் இதை உணர்வார்.

எரிபொருளிலும் கவனம் தேவை. குறைந்த ஆக்டேன் பெட்ரோலையும் வான்கெல் எஞ்சின் ஏற்கும்; ஆனால் அதிகம் குடிக்கும். பங்க்குகளில் இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலே பரவலாகக் கிடைக்கிறது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். எபாக்சி பூசிய இறக்கைத் தொட்டிகளையும் ரப்பர் குழாய்களையும் பாதிக்கக்கூடும். ரோடாக்ஸ் 912-க்கும் 10 விழுக்காடுதான் வரம்பு என்பதால், எந்த எஞ்சினைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தக் கேள்வி எழும்.

இறுதியில் எல்லா ஆவணங்களும் சஃப்தர்ஜங் விமான நிலையத்துக்கு எதிரே உள்ள டிஜிசிஏ அலுவலகத்தையே அடைய வேண்டும். மும்பை காந்திவலியில் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் 6 இருக்கை விமானத்தைக் கட்டிய விமானி அமோல் யாதவ், அதை 2016-இல் 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் வைத்தார். பதிவுச் சான்று 2017 நவம்பரில் கிடைத்தது. பறப்பதற்கான அனுமதி 2019-இல்தான் வந்தது.