குடும்ப டாக்டரும் கூட்டுறவுச் சங்கமும்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது முதுமொழி. அச்செல்வத்தைக் காக்க வேண்டிய டாக்டரை நேரிற் காண்பதே இன்று அரிதாகிவிட்டது என்பதை உறுப்பினர் பலரும் அனுபவத்தில் அறிவர். இது சங்கத்தின் அலுவலைச் சேர்ந்ததன்று என்று கருதுவோர் உண்டு. நாமும் சில காலம் அவ்வாறே கருதியிருந்தோம். ஒரு கடன் பேரேடு நம் கருத்தை மாற்றியது.

திண்டிவனம், மரக்காணம் வட்டாரத்துப் பிரம்மதேசத்தில் கணக்குகளைப் பார்வையிட்டபோது, தவணை தவறியோர் பட்டியலில் ஒரு பெயர் நம் கண்ணில் பட்டது. பல ஆண்டுகளாக ஒரு தவணையும் தவறாத மணிலாப் பயிர் விவசாயி அவர். காரணம் அறிய அவர் இல்லத்திற்கே சென்றோம். திண்ணையில் கட்டுப்போட்ட காலோடு அமர்ந்திருந்தார்.

அவர் நெடுநாள் நீரிழிவு நோயாளி. காலில் முள் தைத்த புண் ஆறவில்லை. நகரத்தில் தாம் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரைத் தேடி மூன்று முறை சென்றார். முதல் நாள், அன்றைய சீட்டுகள் முடிந்துவிட்டன என்றனர். இரண்டாம் நாள் டாக்டர் வெளியூர் சென்றிருந்தார். மூன்றாம் நாள், கைப்பேசியில் முன்பதிவு செய்துகொண்டு வருமாறு கூறித் திருப்பி அனுப்பினர். பின்பு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையோடு நாட்களைக் கழித்தார். இறுதியில் இரண்டு விரல்களை எடுக்க நேர்ந்தது. அறுவடைக்கு ஆளின்றி, மழை ஈரத்தில் மணிலாக் காய்கள் நிலத்திலேயே முளைவிட்டன. கடன் நின்றது.

"விரலை எடுக்க ஒரே நாளில் இடம் கிடைத்தது, ஐயா. காசும் கேட்கவில்லை. விரலைப் பார்க்கத்தான் ஒருவரும் கிடைக்கவில்லை" என்றார் அவர்.

இச்சொற்களில் நம் காலத்தின் நிலை முழுதும் அடங்கியிருக்கிறது. 2009ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பங்களுக்கு அரசின் மருத்துவக் காப்பீடு உண்டு. அது பெரும்பாலும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் அறுவைக்கும் உரியது. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தினால் இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகள் வாசலுக்கே வருகின்றன. இவை பெரும் பேறுகள். ஆயினும், நம் உடலின் பழைய வரலாற்றை அறிந்த ஒரு டாக்டர், காலைத் தொட்டுப் பார்த்து, "இது சாதாரணப் புண் அன்று" என்று சொல்லும் சில நிமிடங்களுக்கு இவற்றுள் எதுவும் ஈடாகாது.

இக்குறை புதியதன்று. சென்னை மாகாண அரசு 1924ஆம் ஆண்டளவிலேயே கிராமங்களில் குடியேறும் டாக்டர்களுக்கு உதவித்தொகை அளிக்கும் திட்டத்தை வகுத்தது. ஏழைகளுக்கு அவர்கள் இலவசமாக வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. 1946இல் சர் ஜோசப் போர் குழுவின் அறிக்கை வெளிவந்து, பின்னர் ஆரம்ப சுகாதார நிலையங்கள் எழுந்தன. சமவெளியில் 30,000 மக்களுக்கு ஒரு நிலையம் என்பது அளவு. அத்தனை பேருக்கும் சில டாக்டர்களே எனில், ஒவ்வொருவரையும் பெயரறிந்து பார்த்தல் எங்ஙனம் இயலும்? மக்கள் ஒரு குடும்ப மருத்துவ நிலையத்தில் பதிவு செய்துகொள்ளும் இங்கிலாந்திலுங்கூட, காலை 8 மணிக்குத் தொலைபேசியில் முந்தினோர்க்கே அன்று இடம் என்ற முறையீடு எழுந்துள்ளது.

கூட்டுறவாளர் இதில் செய்யக்கூடியது என்ன? ஜப்பானின் நாகானோ மாநிலத்தில் விவசாயக் கூட்டுறவைச் சார்ந்தது சாகு மத்திய மருத்துவமனை. 1945இல் அங்கு வந்து சேர்ந்த டாக்டர் வகாட்சுகி, உழவர்கள் வேலைக்கு அஞ்சி நோயைப் பொறுத்துக்கொண்டு, முற்றிய பின்னரே வருவதைக் கண்டார். ஆகவே, டாக்டர்களும் தாதியரும் ஊர்களுக்குச் சென்றனர். நாடகம் நடித்தும் நல்வழி கூறினர். 1959 முதல் யாச்சிஹோ என்னும் கிராமத்தார் அனைவருக்கும் ஆண்டுதோறும் உடற்பரிசோதனை நடைபெற்றது. 1976இல் அவருக்கு மக்சாசே விருது கிடைத்தது.

மருத்துவமனை கட்டும் வலிமை நம் சிறு சங்கங்களுக்கு இல்லை. ஆனால் சில காரியங்கள் இன்றே ஆகக்கூடியவை. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள உறுப்பினர்கள், தம் மருந்தையும் பரிசோதனை விவரத்தையும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதித் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம். டாக்டர் மாறினாலும் வரலாறு மாறாது. மாதத்தில் ஒரு நாள் சங்கக் கட்டடத்தில் உறுப்பினர்களைப் பார்வையிட வருமாறு சுகாதார நிலைய மருத்துவ அலுவலரை நிர்வாகக் குழு எழுத்து மூலம் வேண்டலாம். குழித்தறியை நிறுத்தி நகரம் செல்லும் சிறுவந்தாடு நெசவாளிக்கு ஒரு நாட்கூலி மிச்சமாகும். துணைவிதிகள் இடந்தருமாயின், பொது நல நிதியிலிருந்து இதற்குச் சிறு செலவும் செய்யலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடும் கிராம சபையில், மருத்துவ அலுவலர் பணியிடம் காலியாயிருப்பின் அதை நிரப்பக் கோரித் தீர்மானம் நிறைவேற்றலாம். கால் மரத்த நீரிழிவு நோயாளியின் புண் மட்டும் அந்த ஒரு நாளுக்காகக் காத்திராது. அவரை உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல அண்டையிலுள்ள உறுப்பினர் துணை நிற்க வேண்டும்.

திருவள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என நான்கு கூறாக வகுத்தார். மருந்துக்கு அரசு வழி செய்துள்ளது. டாக்டரை நாம் உண்டாக்க இயலாது. ஆனால் நான்காம் கூறாக நிற்பது கூட்டுறவின் கடமையே. பிரம்மதேசத்து அன்பருடன் ஒருவர் துணை சென்று, நான்காம் நாள் அரசு மருத்துவமனையின் வாயிலில் நின்றிருந்தால், அவர் விரல்களும் நிலைத்திருக்கும். சங்கத்தின் தவணையும் தவறியிராது.