சிறு பொருள்களைப் படம் பிடிக்க ஒரு விளக்குப் பெட்டி

பிழைப்பை நாடி ஊர் விட்டு வந்தவர் நிலத்தையும் வீட்டையும் உடன் கொண்டு வர இயலாது. பெட்டியில் அடங்கும் சிறு பொருள்களே அவருடன் வரும். பாட்டியின் பாம்படம், வெற்றிலைப் பெட்டி, பழைய காசு, தாத்தா ஆலையில் பெற்ற பித்தளை வில்லை ஆகியவை அத்தகையன. ஸ்ரீராம்புரத்துக்கு அண்மையில் ராஜா மில் இருந்த இடத்தில் இன்று மந்திரி ஸ்கொயர் என்னும் வணிக வளாகம் நிற்கிறது. ஆலை போயிற்று, வில்லை எஞ்சிற்று. அதுவும் அடகுக்கோ உருக்குலைக்கோ போகுமுன், தெளிவான படம் ஒன்றையாவது எடுத்து வைத்தல் நம் கடமையன்றோ?

கைப்பேசி நம் வீடுகளில் உண்டு. வேண்டுவது நல்ல ஒளியே. ஒளி மிகுந்திருந்தால் மட்டும் போதாது. அது எத்துணை அகன்ற பரப்பிலிருந்து, எத்திசையிலிருந்து வருகிறது என்பதே முக்கியம். சிறு விளக்கின் நேரொளி கூரிய நிழலைத் தரும். அதுவே வெள்ளைத் துணியினூடே வருமாயின் துணி முழுவதும் விளக்காகி, நிழல் மென்மையுறும். மேகம் மூடிய வானம் செய்வதும் இதுவே.

இதற்கு ஒரு பெட்டி செய்வோம். மளிகைக் கடையில் கிடைக்கும் அட்டைப் பெட்டி ஒன்றை, சுமார் 40 சென்டிமீட்டர் அளவில், வாய் நம்மை நோக்குமாறு கிடத்துக. இரு பக்கங்களிலும் மேலும் நான்கு விரல் விளிம்பு விட்டுச் சன்னல் வெட்டி, வெள்ளை மல் துணியை ஒட்டுக. உள்ளே வெள்ளைச் சார்ட் தாளைப் பின்சுவரின் உச்சியிலிருந்து தரை வரை மடிப்பின்றி வளைத்து விடுக. ஒரே வகையான 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் இரண்டினைப் பக்கத்துக்கு ஒன்றாக வைக்க. பழைய குண்டு விளக்கு சூடேறித் துணியைப் பொசுக்கக்கூடும், அது வேண்டா.

இரு விளக்குகளும் சம தொலைவில் இருப்பின் பொருள் தட்டையாகத் தோன்றும். ஒன்றைச் சற்றுத் தள்ளி வைத்தால் வடிவம் புலப்படும். தொலைவு இரு மடங்கானால் ஒளி ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகக் குறையும் என்பதை நினைவில் கொள்க. அறையின் ஏனைய விளக்குகளை அணைத்துச் சன்னலையும் மூடுக. நிறம் வேறுபட்ட ஒளிகள் கலந்தால் பொன்னும் பித்தளையாகத் தோன்றும். கைப்பேசியைப் புத்தக அடுக்கின்மீது சாய்த்து, அதன் பிளாஷை நிறுத்தி, இரண்டு நொடி தாமதம் வைத்துப் படம் எடுக்கலாம். வெள்ளைப் பின்னணி சாம்பல் நிறமாகத் தெரிந்தால் திரையில் வெளிச்ச அளவைச் சிறிது உயர்த்துக.

பளபளக்கும் நகையும் பாத்திரமும் கண்ணாடி போன்றவை, சுற்றியுள்ளதையெல்லாம் காட்டும். படத்தில் தெரியாதவாறு இருபுறமும் கறுப்புத் தாள் கீற்றுகளை நிறுத்தினால் அவற்றின் விளிம்பு எடுப்பாகும். காசுக்கும் வில்லைக்கும் வழி வேறு. பெட்டியை விடுத்து, ஒரே விளக்கைத் தாழ்வாக, பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். தேய்ந்த எழுத்தின் ஓரங்களில் நிழல் விழுந்து எழுத்து மேலெழும். கீழடியில் கிடைத்தவை போன்ற தமிழ்-பிராமி பானையோடுகளில் உள்ள கீறல் எழுத்தும் இத்தகைய சாய்வொளியில் தெளிவாகப் புலப்படும்.

பழங்காசைப் புளியிட்டுத் துலக்காதீர். துலக்கினால் எழுத்தும் தேயும். பொருளருகே ஓர் அளவுகோலை வைத்து, முன்னும் பின்னும் படம் எடுங்கள். எவருடையது, எவ்வூரிலிருந்து வந்தது, எடை என்ன என்பவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். பொருள் களவு போனால் அடையாளம் காட்டவும் அது உதவும். நகைப் படங்களை அயலாருக்கு அனுப்புதல் தகாது.

வீட்டு முதியோர் நம்மிடை இருக்கும்போதே இதைச் செய்தல் நலம். படத்தைக் கருவி எடுத்துவிடும். படத்திலுள்ள பொருளின் கதையை அவர்களே சொல்ல வேண்டும்.