கடைமடைக்குப் போகும் மிகுதி

அமராவதியின் பழைய ராஜவாய்க்கால்களுள் ஒன்றான கொமரலிங்கம் வாய்க்காலில் மதகைத் திறந்தாலும் கடைமடை வயலுக்குத் தண்ணீர் எட்ட நேரமாகும் என்பது அவ்வூர் உழவர் அறிந்ததே. மைன்கிராஃப்ட் ஆட்டத்தில் கட்டைகளை அடுக்கிக் கணக்குப்பொறி கட்டுவோரையும் இதே தாமதமே வாட்டுகிறது. அங்கே தரையில் தூவப்படும் ரெட்ஸ்டோன் என்னும் செந்துகள் மின்கம்பிபோல் குறிகையைக் கடத்துகிறது. குறிகை இருந்தால் 1, இல்லையேல் 0. 15 என்னும் வலுவோடு புறப்படும் குறிகை கட்டைக்கு ஒன்றாகத் தேய்ந்து அணைவதால் இடையிடையே ரிப்பீட்டர் வைக்க வேண்டும். ஒவ்வொரு ரிப்பீட்டரும் குறைந்தது 0.1 நொடியை விழுங்குவதால், பரந்து கிடக்கும் சுற்று இடத்தோடு காலத்தையும் தின்றுவிடுகிறது.

எலோராம் என்ற புனைபெயரில் அறியப்படும் நிரலாளரின் ரெட்பவர் என்னும் மோட், அதாவது ஆட்டத்தோடு இணைத்துக்கொள்ளும் கூடுதல் நிரல், தர்க்க வாயில் ஒவ்வொன்றையும் ஒரே கட்டையின் இடத்துக்குள் அடக்கியதுடன், 16 நிறக் கம்பிகளை ஒரே வடமாகக் கட்டவும் வழிசெய்தது. நூலை நிறத்தால் பிரித்தறியும் திருப்பூர்க்காரருக்கு இவ்வேற்பாட்டை விளக்க வேண்டியதில்லை.

இரு இலக்கங்களைக் கூட்டும் அரைக்கூட்டிக்கு இரண்டு வாயில்கள் போதும்: இரண்டில் ஒன்று மட்டும் 1 ஆனால் 1 தரும் எக்ஸ்-ஆர் கூட்டுத்தொகையையும், இரண்டும் 1 ஆனால் மட்டும் 1 தரும் ஆண்ட் மிகுதியையும் அளிக்கின்றன. மிகுதி என்பது பள்ளிக்கணக்கில் அடுத்த இலக்கத்தின் தலைமேல் குறித்துவைக்கும் அதே 1. முந்தைய இடத்து மிகுதியையும் சேர்த்துக் கூட்டும் முழுக்கூட்டி, இரண்டு அரைக்கூட்டிகளையும் ஓர் ஆர் வாயிலையும் கொண்டது. 1111 உடன் 0001-ஐக் கூட்டும்போது வலக்கோடியில் பிறந்த மிகுதி நான்கு கூட்டிகளையும் வரிசையாகக் கடந்த பின்னரே விடை நிலைபெறும்.

ஆகவே கைதேர்ந்தவர் வாயில்களை நெருக்குவதைவிட மிகுதியின் பாதையையே முதலில் கவனிப்பர். ஓர் இலக்கத்தின் கூட்டிமேல் அடுத்ததை அடுக்கி, கீழ்த்தளத்து மிகுதி வெளிவரும் இடத்திலேயே மேல்தளத்தின் வாய் அமையுமாறு வைப்பர்.

கழித்தலுக்குத் தனிச் சுற்றும் தேவையில்லை. கழிக்கும் எண்ணின் ஒவ்வொரு கம்பியிலும் ஓர் எக்ஸ்-ஆர் வைத்து 0, 1 இரண்டையும் இடம்மாற்றி, முதற்கூட்டியின் மிகுதிவாயில் 1-ஐ ஊட்டினால் போதும். 7-இலிருந்து 5-ஐக் கழிக்கையில் 0111, 1010, 1 மூன்றும் சேர்ந்து 10010 ஆகின்றன. இதன் கடைசி நான்கு இலக்கங்கள் 0010, அதாவது 2. ஐந்தாம் இடத்து 1-க்குக் கம்பி இழுப்பதில்லை. கடைமடை தாண்டிய வடிநீராக அது விடப்படுகிறது.