கடலுக்கு நடுவே ஆப் கைவிடாமல் இருக்க... சாஃப்ட்வேர் டெஸ்டிங் எப்படி நடக்கிறது?

சென்னை நொச்சிக்குப்பத்தில் ஃபைபர் படகை இறக்கும் முன் காற்று, அலை உயரம் பார்க்க இப்போது செல்போனே போதும். தரமணி எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘ஃபிஷர் ஃபிரண்ட்’ ஆப், ஹைதராபாத் ‘இன்காய்ஸ்’ மையத்தின் கடல் தகவல்களைத் தமிழில் தருகிறது.

சாப்பாடு ஆர்டர் பண்ற ஆப் தொங்கினால் பசிதான். கடலில் தொங்கினால் உயிருக்கே ஆபத்து. இப்படிப்பட்ட ஆப் ‘ரெடி’ என்று எதை வைத்துச் சொல்வது?

இலக்கு முக்கியம்

‘வேகமா இருக்கணும்’ என்பது வெறும் ஆசை. ‘எச்சரிக்கை 60 விநாடிக்குள் போனில் வரணும், சிக்னல் போனாலும் கடைசித் தகவல் திரையில் இருக்கணும்’ என்று எழுதினால் அது தர இலக்கு. பாஸா, ஃபெயிலா என்று சோதித்துப் பார்க்கலாம்.

இலக்கே தப்பாக இருந்தால்? 2017 ஒக்கி புயலின்போது, ஆழ்கடலில் இருந்த பல மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. செல்போன் டவர் அவ்வளவு தூரம் எட்டாது. செயற்கைக்கோள் வழியே தகவல் பெறும் ‘ஜெமினி’ கருவி 2019-ல் அறிமுகமானது. ‘அனுப்பியாச்சா’ என்று மட்டும் பார்த்தால் போதாது, ‘சேர்ந்ததா’ என்றும் பார்க்கணும்.

நான்கு கட்டங்கள்

யூனிட் டெஸ்டிங்: ஒவ்வொரு சின்னப் பகுதியையும் தனியாகச் சோதிப்பது. 1 நாட்டிக்கல் மைலை 1.852 கி.மீ. என்று சரியாக மாற்றுகிறதா?

இன்டகிரேஷன் டெஸ்டிங்: பகுதிகளை இணைத்துச் சோதிப்பது. 1999-ல் நாசாவின் செவ்வாய் விண்கலம் ஒன்று தொலைந்தது. ஒரு சாஃப்ட்வேர் பிரிட்டிஷ் அலகில் கணக்கைத் தர, இன்னொன்று அதை மெட்ரிக் அலகாக எடுத்துக்கொண்டதே காரணம்.

சிஸ்டம் டெஸ்டிங்: முழு ஆப்பும் பழைய போன், குறைந்த சார்ஜ், விட்டு விட்டு வரும் சிக்னலில் தாக்குப்பிடிக்குமா? புயல் நாளில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் திறந்தால்?

பயனர் ஏற்புச் சோதனை: ஆப்பை மீனவர் கையில் கொடுப்பது. ஈரக் கையால் தொட்டால் திரை கேட்குமா? உச்சி வெயிலில் எழுத்து தெரியுமா? ‘வாடை’, ‘கச்சான்’ என்று காற்றைச் சொல்பவருக்கு, டிகிரிக் கணக்கில் காட்டினால் புரியுமா? ஏசி ரூமில் இதற்கெல்லாம் பதில் கிடைக்காது.

ரிலீஸ் தேதி நெருங்கினால் பல டீம்கள் முதலில் கை வைப்பது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். அங்கே விட்ட பிழையை, படகில் இருப்பவர்தான் முதலில் சந்திப்பார்.