மூடாத மூடி

பூச்சி பிடிக்கும் செடி என்றதும் நம்மில் பலருக்குப் பள்ளிப் பாடப் படத்தில் பார்த்த குடுவை ஞாபகம் வரும். மேலே ஒரு மூடி இருக்கும். ஈ வந்து உட்காரும், மூடி டப்பென்று மூடிக்கொள்ளும், அத்தோடு ஈயின் கதை முடியும். யார் சொல்லிக் கேட்டோமோ தெரியாது, எல்லோருக்கும் தெரிந்த கதை இது. இதில் ஈ மட்டும்தான் நிஜம்.

அந்தச் செடி நெப்பந்தஸ். இந்தியக் காடுகளில் இதில் ஒரே இனம்தான் உண்டு, மேகாலயா மலைகளில் வளரும் நெப்பந்தஸ் காசியானா. அதன் ஓர் இலையை அடியிலிருந்து நுனிவரை விரலால் தடவிப் பார்ப்போம். முதலில் அகலமான பச்சைப் பரப்பு, மற்றச் செடிகளின் இலை மாதிரியே. அதன் நடுநரம்பு இலை முடிகிற இடத்தில் நின்றுவிடாமல் கம்பிபோல நீண்டுகொண்டே போகும். அந்தக் கம்பியின் நுனிதான் வளைந்து, பருத்து, குடுவையாகிறது. பலர் பூ என்று நினைப்பது இலையின் கடைசிப் பகுதியைத்தான். பூ தனியே கொத்தாகப் பூக்கும். ஆண் பூ ஒரு செடியில், பெண் பூ வேறொரு செடியில்.

இலைக்கு ஏன் இத்தனை பாடு? இவை வளரும் மண்ணில் சத்து குறைவு. மாவுச்சத்தை எந்தச் செடியையும் போல வெயிலில் தானே தயாரித்துக்கொள்கிறது. பூச்சியிடமிருந்து அதற்கு முக்கியமாக வேண்டியது தழைச்சத்து, யூரியாவில் இருக்கிற அதே நைட்ரஜன்.

இனி மூடிக்கு வருவோம். குடுவை வளரும்போது மூடி வாயோடு ஒட்டியே இருக்கும். உள்ளே செடியே ஒரு திரவத்தைச் சுரந்து வைக்கும். முற்றியதும் மூடி திறக்கும். திறந்தால் திறந்ததுதான், குடுவை வாடும்வரை மறுபடி மூடாது. மூடுகிற செடி வேறு: அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில் வளரும் வீனஸ் ஈப்பொறி. அதன் உள்முடிகளைப் பூச்சி சுமார் 20 நொடிக்குள் இரண்டு தரம் தொட்டால் இலை பட்டென்று மடங்கிவிடும். நம் மனத்தில் இரண்டு செடிகளும் கலந்துவிட்டன.

மூடாமல் எப்படிப் பிடிக்கிறது? குடுவையின் வாய் விளிம்பில் நுண்ணிய வரிகளும் தேனும் உண்டு. மழையோ பனியோ பட்டால் அந்த வரிகளில் நீர் மெல்லிய படலமாகப் பரவும். பாசி பிடித்த குளத்துப் படியில் கால் வைத்த கதைதான் பூச்சிக்கு. பல இனங்களில் உட்சுவரின் மேல்பகுதி மெழுகு பூசியது, ஏறிவர முடியாது. கீழே இருக்கும் திரவத்தில் புரதத்தைக் கரைக்கும் நொதிகள் உண்டு. குடுவை உண்மையிலேயே செரிக்கிறது என்பதை தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1874-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் நடந்த அறிவியல் கூட்டத்தில் எடுத்துச் சொன்னார்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த கட்டம். வெயிலில் விளிம்பு காய்ந்து கிடக்கும்போது அது வழுக்காது. ஓர் எறும்பு வரும், தேன் குடிக்கும், பத்திரமாக வீடு திரும்பிக் கூட்டத்தையே அழைத்து வரும். அதற்குள் விளிம்பு நனைந்திருந்தால் மொத்தக் கூட்டமும் உள்ளே. உல்ரிக்கே பாவரும் அவருடைய கூட்டாளிகளும் போர்னியோ தீவில் இதை ஆராய்ந்தார்கள். மூடி போட்டுப் பிடிக்கும் பொறியாக இருந்தால் முதல் எறும்போடு வியாபாரம் முடிந்திருக்கும்.

அப்படியானால் மூடி எதற்கு? பெரும்பாலும் மழைநீர் விழுந்து திரவம் நீர்த்துப்போகாமல் இருக்க. நெப்பந்தஸ் கிராசிலிஸ் என்ற இனத்தில் மூடிக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதன் அடிப்பக்கத்தில் எறும்பு தலைகீழாகத் தொங்கித் தேன் நக்கும். மழைத்துளி ஒன்று மேலே விழ, மூடி அதிர்ந்து எறும்பை உள்ளே உதறிவிடும்.

போர்னியோ மலைகளின் நெப்பந்தஸ் லோவி பூச்சியையே அதிகம் நம்பியில்லை. செடியின் மேற்பகுதியில் உள்ள குடுவைகளின் மூடியில் சுரக்கும் இனிப்பை நக்க மர மூஞ்சூறு வரும். வாய் விளிம்பில் உட்கார்ந்து நக்கிக்கொண்டே குடுவைக்குள் எச்சம் போட்டுவிட்டுப் போகும். 2009-இல் வெளியான ஆய்வின்படி அந்தக் குடுவைகளைத் தாங்கும் இலைகளின் நைட்ரஜனில் பாதிக்கு மேல் அந்த எச்சத்திலிருந்து வருவது. குடுவையின் அளவும் மூஞ்சூறுக்குப் பொருந்தியே இருக்கிறது: நாக்கு மூடியை எட்டும்போது அதன் பின்புறம் சரியாகக் குடுவை வாய்க்கு நேரே இருக்கும்.